22 சதவீதமா, 54 சதவீதமா? போலீஸ், கோர்ட் பற்றிய கணிப்புகளை டர்பனில் இருந்து படிப்பது எப்படி

தென்னாப்பிரிக்கர்களில் 22 சதவீதம் பேர்தான் போலீஸை நம்புகிறார்கள். மனித அறிவியல் ஆய்வு மன்றம் 2022-ல் எடுத்த கணிப்பில் கிடைத்த எண் இது. 2025 ஜூலையில் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் போலீஸ் ஆணையர் ந்லாந்லா ம்க்வனாசி, குற்றக் கும்பல்களோடு அரசியல்வாதிகளுக்கும் உயர் அதிகாரிகளுக்கும் தொடர்பு இருப்பதாகப் பகிரங்கமாகச் சொன்னார். ஒரே வாரத்தில் அதிபர் சிரில் ரமபோசா, நீதிபதி மட்லாங்கா தலைமையில் விசாரணை ஆணையம் அறிவித்தார். போலீஸ் பற்றிப் பேச்செடுத்தால் இந்த 22-ம் கூடவே வந்துவிடுகிறது.

கொஞ்சம் தேடிப் பார்ப்பவருக்குக் குழப்பம் இன்னும் கூடும். 2017/18-ல் அரசுப் புள்ளியியல் துறை வீடுவீடாகப் போய்க் கேட்டபோது, தங்கள் பகுதிப் போலீஸின் வேலை திருப்தி தருகிறது என்று சொன்னவை சுமார் 54 சதவீத வீடுகள். நாலைந்து ஆண்டில் 54 எப்படி 22 ஆயிற்று? அப்படி எதுவும் நடக்கவில்லை. மன்றத்தின் கணிப்பில் 2017/18 காலத்திலேயே நம்பிக்கை மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருந்தது. அங்கிருந்து 22-க்கு இறங்கியது உண்மையான சரிவு. 54-லிருந்து 22 என்பது இரண்டு வேறு தராசுகளில் நிறுத்த எடைகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்த கணக்கு.

எதைக் கேட்கிறார்கள்?

போலீஸ், கோர்ட் பற்றிய கணிப்புகளில் மூன்று வகைக் கேள்விகள் உண்டு. செய்தியாக வரும்போது மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

1. நம்பிக்கைக் கேள்வி. "போலீஸை எவ்வளவு நம்புகிறீர்கள்?" நாடு முழுவதுக்கும் பொதுவான ஒரு நிறுவனத்தைப் பற்றிய கேள்வி இது. மன்றத்தின் கணிப்பில் விடைக்கு ஐந்து படிகள். நடுப்படி "நம்புகிறேன் என்றும் இல்லை, நம்பவில்லை என்றும் இல்லை" என்பது. அங்கே நிற்பவர் 22-க்குள் வரமாட்டார். ஆகவே "மீதி 78 சதவீதம் பேர் நம்பவில்லை" என்று யாராவது எழுதினால் அது தப்பு.

2. திருப்திக் கேள்வி. "உங்கள் பகுதிப் போலீஸ் வேலை உங்களுக்குத் திருப்தியா?" ஆம் அல்லது இல்லை. நடுவில் ஒதுங்கி நிற்க இடமில்லை. டர்பனில் இந்தியர் மிகுந்த சாட்ஸ்வொர்த் பகுதியில் இருப்பவர் சாட்ஸ்வொர்த் நிலையத்தை நினைத்துச் சொல்வார். பழக்கமான முகங்கள், அவசரத்துக்கு வந்து நின்ற ஒரு கான்ஸ்டபிள் எல்லாம் அந்த விடைக்குள் இருக்கும். மேலிடத்தை நினைத்தால் கோபமும் உள்ளூர்க்காரரை நினைத்தால் சற்று இளக்கமும் வருவது உலகெங்கும் உள்ளதுதான்.

3. அனுபவக் கேள்வி. "கடந்த 12 மாதத்தில் நிலையத்துக்குப் போனீர்களா? புகார் எழுதிக்கொண்டார்களா? வழக்கு எண் தந்தார்களா? பிறகு யாராவது தகவல் சொன்னார்களா?" இதுதான் உருப்படியான பகுதி. தலைப்புச் செய்தியில் வராததும் இதுதான்.

இன்னொரு சிக்கல், "போலீஸ்" என்றால் யார் என்பது. தேசிய போலீஸ் ஒன்று. 1995-ம் ஆண்டுச் சட்டப்படி இன்றைய வடிவம் பெற்றது. டர்பன் மாநகரப் போலீஸ் வேறு. அது 2000-ல் வந்தது. போக்குவரத்துக் குற்றங்களும் நகராட்சி விதிமீறல்களும் அதன் வேலை, வழக்கை விசாரிப்பது அதன் வேலை அல்ல. மூன்றாவதாக, மாதச் சந்தா வாங்கிக்கொண்டு அலாரம் அடித்தவுடன் துப்பாக்கியோடு வரும் தனியார் பாதுகாப்புக் கம்பெனிகள். நாட்டில் வேலையில் இருக்கும் தனியார் காவலர்கள் 5 லட்சத்துக்கும் மேல். தேசிய போலீஸில் மொத்த ஊழியரே 2 லட்சத்தை எட்டாது. பொத்தானை அமுக்கினால் கம்பெனி வண்டி வந்து நிற்பதைப் பார்த்துப் பழகியவர், அரசுப் போலீஸ் அரை மணி நேரம் கழித்து வந்தால் எந்த மதிப்பெண் போடுவார் என்று சொல்லத் தேவையில்லை.

இப்படி மக்களைக் கேட்கும் பழக்கம் எங்கே தொடங்கியது?

போலீஸ் வெளியிடும் குற்றக் கணக்கில் இருப்பவை போலீஸிடம் வந்த குற்றங்கள் மட்டுமே. வராதவற்றை அறிய மக்களைத்தான் கேட்க வேண்டும் என்று 1960-களில் அமெரிக்காவில் ஆரம்பித்தார்கள். 1980-களில் பிரிட்டனும் தொடங்கியது. முதலில் "உங்களுக்கு என்ன நடந்தது" என்றுதான் கேட்டார்கள். "போலீஸும் கோர்ட்டும் உங்களை எப்படி நடத்தின" என்ற கேள்வி பின்னால் சேர்ந்தது.

அதில் பெயர் பெற்றது சிகாகோ ஆய்வு. 1984-ல் டாம் டைலர் என்ற ஆய்வாளர் அந்நகரவாசிகள் 1,575 பேரைத் தொலைபேசியில் விசாரித்தார். ஓராண்டு கழித்து அவர்களில் 804 பேரை மறுபடி கேட்டார். வழக்கில் தங்களுக்குச் சாதகமாக முடிந்ததா என்பதைவிட, தங்கள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டார்களா, மரியாதையாக நடத்தினார்களா, பாரபட்சம் காட்டினார்களா என்பதை வைத்தே மக்கள் போலீஸையும் கோர்ட்டையும் எடைபோட்டார்கள் என்பது அவர் கண்டது. பல நாட்டுப் போலீஸ் பயிற்சியில் இன்று இது பாலபாடம்.

தென்னாப்பிரிக்காவில் அது அப்படியே பொருந்தவில்லை. மன்றத்தின் தரவை வைத்து 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, இங்கே "குற்றத்தைத் தடுக்கிறார்களா" என்பதற்கு மக்கள் தரும் எடை கூடுதல் என்று காட்டியது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. இரும்புக் கம்பி போடாத சன்னலைத் தேட வேண்டிய ஊரில், புன்னகையோடு புகார் எழுதிக்கொள்ளும் அதிகாரி மட்டும் போதாது.

இங்கே 1990-களின் தொடக்கத்தில் ஜோகன்னஸ்பர்க் ஒரு சர்வதேசக் கணிப்பில் சேர்ந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் டர்பன் உட்படப் பெருநகரங்களில் தனித்தனியாக எடுத்தார்கள். தேசிய அளவில் முதல் கணிப்பு 1998-ல். 2011 முதல் புள்ளியியல் துறை ஆண்டுதோறும் எடுத்துவருகிறது. 2018/19-ல் அதன் பெயரும் கேள்விகளும் மாறின. கேள்வி மாறினால் பழைய வரிசையோடு புதிய எண்ணை நேராக ஒட்ட முடியாது. செய்தி எழுதுபவர்கள் ஒட்டிவிடுகிறார்கள்.

கோர்ட் மேலா, போலீஸ் மேலா?

புள்ளியியல் துறையின் 2017/18 கணிப்பில் கோர்ட் மீதான திருப்தி, போலீஸ் மீதான திருப்தியைவிடக் குறைவு. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஒரே கேள்வித்தாளோடு போகும் ஆப்ரோபாரோமீட்டர் கணிப்பில் வரிசை தலைகீழ்: போலீஸைவிடக் கோர்ட்டை நம்புகிறவர்கள் அதிகம். ஒரே நாடு, ஒரே மக்கள். எது சரி?

இரண்டும் சரி. புள்ளியியல் துறை கேட்டது, "குற்றம் செய்தவர்களைக் கோர்ட்டுகள் கையாளும் விதம் திருப்தியா?" இந்தக் கேள்வியைக் கேட்டதும் மனதில் வருவது வெருலம் அல்லது சாட்ஸ்வொர்த் போன்ற உள்ளூர் மாஜிஸ்திரேட் கோர்ட். வீடு புகுந்து திருடியதாகப் பிடிபட்டவன் ஜாமீனில் வந்து அதே தெருவில் நடப்பது. ஆப்ரோபாரோமீட்டர் கேட்பது, "நீதிமன்றங்களை எவ்வளவு நம்புகிறீர்கள்?" இதைக் கேட்டதும் நினைவுக்கு வரக்கூடியது நாட்டின் மிக உயர்ந்த கோர்ட்டான அரசியலமைப்பு நீதிமன்றம். ங்காண்ட்லாவில் அதிபரின் சொந்த வீட்டுக்கு அரசுப் பணம் செலவான வழக்கில், 2016-ல் அதிபராக இருந்தவருக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்ன கோர்ட்; 2021 ஜூனில் அதே ஜேக்கப் சூமாவுக்கு அவமதிப்புக்காக 15 மாதச் சிறை விதித்த கோர்ட். ஒரு சொல்லுக்குள் இத்தனை தூரம் தள்ளியிருக்கும் இரண்டு கட்டடங்கள்.

ஜாமீன் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கோர்ட் மீதான கோபத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. கைதான ஒருவரை 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும். ஜாமீன் கேட்கும்போது மாஜிஸ்திரேட் பார்ப்பது, இவர் ஓடிவிடுவாரா, சாட்சிகளை மிரட்டுவாரா, வெளியே விட்டால் ஆபத்தா என்பதை. குற்றம் செய்தாரா என்பது அப்போது முடிவாவதில்லை. மிகக் கடுமையான குற்றங்களில், விதிவிலக்கான சூழ்நிலை இருப்பதைக் குற்றம் சாட்டப்பட்டவரே நிரூபிக்க வேண்டும். மற்றவற்றில் அரசுத் தரப்பு எதிர்க்காவிட்டால், அல்லது எதிர்க்கப் போதிய தகவலைப் போலீஸ் கொண்டுவராவிட்டால், ஜாமீன் பெரும்பாலும் கிடைக்கும். பக்கத்து வீட்டு ஆயா பார்ப்பது ஒன்றை மட்டும்: பையன் திரும்பி வந்துவிட்டான். "கோர்ட் விட்டுவிட்டது" என்கிறார்.

வாய்தா மேல் வாய்தா போவதும் அப்படியே. வழக்குக் கோப்பு தொலைந்தால் அது போலீஸின் பொறுப்பு. வழக்கை நடத்தத் தயாராகவில்லை என்றால் அரசு வழக்குத்தொடர்வுத் துறையின் பொறுப்பு. டிஎன்ஏ அறிக்கை வரவில்லை என்றால் தடயவியல் ஆய்வகத்தின் பொறுப்பு. 2021-ல் அங்கே தேங்கிய மாதிரிகள் 2 லட்சத்தைத் தாண்டின. அந்த ஆய்வகமும் போலீஸைச் சேர்ந்ததுதான். எல்லாத் தாமதமும் கோர்ட் அறையில்தான் அறிவிக்கப்படுகிறது, ஆகவே எல்லாப் பழியும் கோர்ட் கணக்கில் ஏறுகிறது.

போலீஸ் வண்டியை எல்லோரும் பார்க்கிறார்கள். கோர்ட் படி ஏறியவர்கள் கொஞ்சம் பேர்தான். கோர்ட் பற்றிய விடைகளில் பெரும்பாலானவை கேள்விப்பட்டதன் விடைகள். போய்வந்தவர், போகாதவர் என்று பிரித்துக் காட்டாத கணிப்பில் கோர்ட் பகுதியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

3,000 பேரில் நம்மவர் எத்தனை பேர்?

மன்றத்தின் கணிப்பில் சுமார் 3,000 பேரைக் கேட்கிறார்கள். 6 கோடி பேருக்கு 3,000 போதுமா என்பது எப்போதும் வரும் சந்தேகம். போதும். பிழை விளிம்பை, அதாவது கிடைத்த எண் உண்மையிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கலாம் என்பதை, மனக்கணக்காகப் போட ஒரு வழி: 1-ஐக் கேட்கப்பட்டவர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 400 பேர் என்றால் கூடவோ குறையவோ 5 சதவீதப் புள்ளி. 1,600 பேர் என்றால் 2.5. 2,500 பேர் என்றால் 2. நாட்டின் மக்கள்தொகை இதில் கிட்டத்தட்ட வருவதே இல்லை. எத்தனை பேரைக் கேட்டோம், அவர்களைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தோமா என்பதே கணக்கு.

சிக்கல் இனம், மொழி என்று துண்டுபோடும்போது வருகிறது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தென்னாப்பிரிக்கத் தமிழர்களான நாம் அடங்கும் இந்தியர், ஆசியர் என்ற பிரிவு 2.7 சதவீதம். 3,000 பேரை அதே விகிதத்தில் எடுத்தால் 81 பேர். பிழை விளிம்பு 11 புள்ளி. "இந்தியர்களில் 22 சதவீதம்" என்று ஒரு எண் வந்தால், உண்மை 11-லிருந்து 33 வரை எங்கும் இருக்கலாம். அதிலும் அந்த 81 பேர் ஆளுக்கொரு ஊரில் இருக்கமாட்டார்கள். முதலில் சிறு சிறு பகுதிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் சில வீடுகளைக் கேட்பதே வழக்கம். ஆகவே 81 பேரும் ஒருசில தெருக்களுக்குள் அடங்கிவிடலாம். ஒரே தெருக்காரர் ஒரே மாதிரி பேசுவார்கள், விளிம்பு இன்னும் விரியும்.

இதற்கு மருந்து உண்டு. சிறு பிரிவினரை வேண்டுமென்றே கூடுதலாக, 81-க்குப் பதில் 300 பேர் என்று எடுத்து, தேசியக் கூட்டலில் ஒவ்வொருவருக்கும் 0.27 எடை கொடுப்பார்கள். பிரிவுக்குள் பார்க்கும்போது 300 பேரின் பலம் கிடைக்கும். நாட்டுக் கணக்கும் கெடாது. அப்போதும் கிடைப்பது "இந்தியர்" என்ற ஒற்றைக் கட்டம்தான். தமிழர், தெலுங்கர், குஜராத்தியர் என்று கட்டம் கிடையாது. அரசியலமைப்பின் 6-ம் பிரிவில் மதித்துப் பேண வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழ் இருக்கிறது. கணிப்பில் மொழியை வைத்துத் தேடினாலும் அகப்பட மாட்டோம், நம் வீடுகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லும். "தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் போலீஸை இப்படி நினைக்கிறார்கள்" என்று எண்ணோடு சொல்பவரிடம் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் தெரு வாட்ஸ்அப் குழு வாக்கெடுப்பாக இருக்கும். அதில் 5,000 பேர் வாக்களித்தாலும் பயனில்லை. முந்தின இரவு திருட்டுப் போனவர்தான் முதலில் விரல் வைப்பார்.

கதவைத் திறப்பது யார்?

கேட்பவர் தெருவுக்கு வந்தபின் நடப்பது எந்தச் சூத்திரத்திலும் வராது. கேட் பூட்டியிருக்கும், நாய் குலைக்கும், வளாகக் காவலாளி உள்ளே விடமாட்டார். பயந்து வாழும் வீடும் வசதியான வீடும் இப்படி நழுவிவிடும். கதவு திறந்தாலும், பேச வருபவர் வீட்டுப் பெரியவர். அவரை மட்டும் கேட்டால் அது 60 வயது ஆண்களின் கணிப்பாகிவிடும். அதனால் வீட்டில் உள்ளவர்களைப் பட்டியலிட்டு, யாரைக் கேட்பது என்பதை விதிப்படி தேர்வார்கள். சீட்டு மருமகள் பெயரில் விழுந்தால் தனியாகப் பேச இடம் வேண்டும். மாமியார் காதில் விழும் தூரத்தில் "கணவர் அடித்தபோது போலீஸுக்குப் போனீர்களா" என்று கேட்டு வாங்கும் விடைக்கு மதிப்பில்லை.

புள்ளியியல் துறை சேகரிக்கும் தனிநபர் விவரத்தை வெளியிட 1999-ம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. தெருவில் போதைப்பொருள் விற்பவன் யார் என்று ஊருக்கே தெரிந்திருக்கும் இடத்தில், சட்டத்தின் உறுதி எத்தனை பேர் மனதில் இறங்கும் என்பது வேறு விஷயம்.

ஒரே "இல்லை", இரண்டு காரணங்கள்

2021 ஜூலைக் கலவரத்தில் நாட்டில் 350-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். டர்பனில் இந்தியர் மிகுந்த பீனிக்ஸில் நடந்த கொலைகள் பற்றி மனித உரிமை ஆணையம் அதே ஆண்டு நவம்பரில் விசாரணை தொடங்கியது. கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். பீனிக்ஸின் குடியிருப்பாளர்கள் தடுப்பு போட்டுத் தெருக்களைத் தாங்களே காவல் காத்தார்கள். அந்தத் தடுப்புகளைக் கடந்தவர்கள் பலர் தாக்கப்பட்டார்கள்.

இப்போது பீனிக்ஸிலும் அதை ஒட்டிக் கறுப்பின மக்கள் வாழும் பம்பாயியிலும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: "அந்த வாரம் போலீஸ் உங்களைக் காப்பாற்றியதா?" இரண்டு இடத்திலும் "இல்லை" வரலாம். பீனிக்ஸ்காரர் சொல்வது, கூப்பிட்டும் வரவில்லை என்று. பம்பாயிக்காரர் சொல்வது, எங்கள் பிள்ளைகளைக் கொன்றவர்களைத் தடுக்க வரவில்லை என்று. அட்டவணையில் இரண்டும் ஒரே கட்டத்தில் கூடிவிடும். "எல்லா இனத்தவரும் போலீஸ் மீது ஒரே மாதிரி அதிருப்தி" என்று தலைப்புப் போடலாம், எண் பொய் சொல்லவும் இல்லை. ஆனால் முதல் கோபத்துக்கான தீர்வு கூடுதல் ரோந்து. இரண்டாவதற்கான தீர்வு விசாரணையும் தண்டனையும். "ஏன்?" என்ற திறந்த கேள்வியைச் செலவு கருதி வெட்டும் கணிப்பு, வெட்டக் கூடாததையே வெட்டுகிறது.

ம்க்வனாசி விஷயத்திலும் இதே சிக்கல் உண்டு. அவருக்கு ஆதரவாகத் தெருவில் இறங்கியவர்களைக் கேட்டால் "போலீஸை நம்பவில்லை" என்றே பலர் சொல்லக்கூடும். அவர் சீருடையில்தானே பேசினார்? நிறுவனத்தை நம்பாமல் ஒரு மனிதரை நம்புவதைப் பதிய ஐந்து படியில் எந்தப் படியும் இல்லை.

இந்த எண்களால் என்ன ஆகிறது?

நம்பிக்கை குறைந்தால் நடப்பவை ஒன்றன்பின் ஒன்றாக வரும்:

1. புகார் குறையும். கார் திருட்டு பெரும்பாலும் பதிவாகும், காப்பீட்டுக்கு வழக்கு எண் வேண்டும். கைபேசிப் பறிப்புக்கு யார் போவார்?

2. புகார் குறைந்தால் பதிவான குற்றம் குறையும். "குற்றம் குறைந்தது" என்று அறிக்கை வரும். நல்ல அதிகாரி வந்து மக்கள் துணிந்து புகார் தரத் தொடங்கினால், அதே அறிக்கையில் அவர் நிலையம் மோசமானதாகத் தெரியும்.

3. பதிவான குற்றத்தை வைத்து ஆள்பலம் பிரித்தால், புகார் தராத பகுதிக்கு ஆள் வராது. ஆள் வராவிட்டால் நம்பிக்கை இன்னும் குறையும்.

மூன்றாவது வெறும் ஊகம் அல்ல. கேப் டவுன் அருகே கயலிட்சாவில் போலீஸுக்கும் மக்களுக்கும் உறவு முறிந்ததாக எழுந்த புகாரை விசாரிக்க 2012-ல் ஒரு ஆணையம் அமைந்தது. முன்னாள் நீதிபதி கேட் ஓ'ரீகனும் அரசு வழக்குத்தொடர்வுத் துறையின் முன்னாள் தலைவர் வூசி பிக்கோலியும் நடத்தினார்கள். 2014-ல் அறிக்கை வந்தது. குற்றம் மிகுந்த ஏழைப் பகுதிகளுக்கு ஆள் குறைவாக ஒதுக்கப்பட்டது அதில் வெளிப்பட்டது. விஷயம் சமத்துவ நீதிமன்றத்துக்குப் போனது. இந்த ஒதுக்கீட்டு முறை கறுப்பின மக்களுக்கும் ஏழைகளுக்கும் எதிரான பாகுபாடு என்று 2018 டிசம்பரில் தீர்ப்பு வந்தது.

டர்பனில் அப்படி ஒரு வாதத்தை எழுப்ப வார்டு வாரியான எண் வேண்டும். ஜோகன்னஸ்பர்க் பக்கம் கௌட்டெங் நகர ஆய்வகம் 2009 முதல் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வாழ்க்கைத்தரக் கணிப்பு எடுக்கிறது. 2017/18-ல் 24,889 பேரைக் கேட்டார்கள். டர்பனை உள்ளடக்கிய எதெக்வினி மாநகரில் 111 வார்டுகள். வார்டுக்கு 100 பேர் என்றால் 11,100 நேர்காணல், ஒவ்வொரு வார்டிலும் பிழை விளிம்பு 10 புள்ளி. பக்கத்துப் பக்கத்து வார்டுகளை ஒப்பிட அது போதாது. பீனிக்ஸின் வார்டுகளைச் சேர்த்து ஒரு தொகுதி, பக்கத்து இனாண்டாவின் வார்டுகளைச் சேர்த்து ஒரு தொகுதி என்று வைத்தால் போதும். அனுபவக் கேள்விகள் பத்து, "ஏன்" ஒன்று, கோர்ட்டுக்குப் போனவர் யார் என்று ஒன்று. நம்பிக்கைக் கேள்வியைக் கடைசியில் வைக்க வேண்டும். முதலில் வைத்தால், அந்த ஒரு பதிலுக்கு ஒத்துப்போகும்படியே மற்ற பதில்களையும் மக்கள் வளைத்துக்கொள்வார்கள்.